‘ஹெவி’ கிளட்ச் என்று என் தலையில் கட்டிய கதை

காரைக்குடி வட்டாரத்தில் பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள், கிளட்ச் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய ஒரு மாத வருமானம் இதில் போனது.

என் வண்டி பொலிரோ பிக்கப். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஏற்றுவதுதான் முக்கிய வேலை. மாசி மாதம் கொடைக்கானலுக்கு ஒரு லோடு கிடைத்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் இரைகிறதே தவிர வண்டி ஏற மறுத்தது. கூடவே கருகல் நாற்றம். கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதனால் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும், பட்டறையும் உதிரிபாகக் கடையும் சேர்த்து நடத்தும் ஒருவரிடம் வண்டியை விட்டேன். பெயர் வேண்டாம். “அண்ணே, நீங்கள் ஏற்றுகிற பாரத்துக்குச் சாதாரண கிளட்ச் பிளேட் தாங்காது. செராமிக் பட்டன் வைத்த ஹெவி செட் போடுங்கள். டிராக்டரே இதில்தான் ஓடுகிறது” என்றார். பில் போடாவிட்டால் ஜிஎஸ்டி மிச்சம் என்றும் சொன்னார். அந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். பிளேட் ஒட்டிப் பிடிக்கிற இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவுவதற்குத் தனிக்கூலி சேர்த்து மொத்தம் 16,500 ரூபாய் கொடுத்தேன்.

வண்டியை எடுத்த அன்றே இடது முழங்கால் வலித்தது. மிதி அவ்வளவு கனம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆத்தங்குடியில் கொட்டகைக்குள் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க வேண்டும். மிதியை மெல்ல விட்டால் பாதியில் நின்று பிடிக்க வேண்டும். இந்தப் பிளேட்டுக்குப் பாதி என்பதே கிடையாது. ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் வெடுக்கென்று பிடித்து வண்டியைக் குலுக்கும். கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்த கல் அந்தக் குலுக்கலைத் தாங்குமா? முதல் லோடிலேயே பதினேழு கற்கள் மூளி. அதற்கான பணத்தை என் வாடகையில் கழித்துக்கொண்டார்கள்.

செராமிக் பொருளைக் குறை சொல்லவில்லை. அதிகச் சூட்டைத் தாங்கும், இறுகப் பிடிக்கும். டிராக்டருக்கும் பந்தய வண்டிக்கும் அது சரி. நின்று நின்று நகர்ந்து, பின்னால் எடுத்து, சந்தை நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டிக்கு வழுக்கிப் பிடிக்கிற சாதாரண ஆர்கானிக் பிளேட்தான் ஏற்றது. பாரம் அதிகம் என்றால் அதே வகையில், அந்த வண்டிக்கென்றே வருகிற செட்டை வாங்கலாம்.

மூன்றே வாரத்தில் மறுபடியும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கல். இந்த முறை தேவகோட்டையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கியர்பாக்ஸை இறக்கியவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கையை வைத்துப் பார்” என்றார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. இன்ஜின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தது. முதல் பிளேட்டைக் கெடுத்ததும் அதுதான். அதை மாற்றாமல் எந்தப் பிளேட்டைப் போட்டாலும் இதே கதிதான். ஃபிளைவீலில் சூட்டால் வந்த நீலத் திட்டுகள் அப்படியே இருந்தன; லேத்தின் வாசலையே அது மிதிக்கவில்லை. கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் கறுப்புப் பெயிண்டைத் திருப்புளியால் சுரண்டினார், அடியில் துரு. மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் உரசுகிற அதன் விரல் நுனிகள் குழிந்து தேய்ந்திருந்தன. பழசுக்குச் சாயம் பூசிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். பிளேட்டின் நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்குகள் இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸும் போயிருக்கும் என்றார்.

ஆகவே பெட்டியைக் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். என் பெட்டியில் ‘ரேசிங்’ என்று பெரிதாக இருந்தது, பாக எண்ணைக் காணோம். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணெயில் நனைந்திருந்தால் முதல் வேலை சீல்தான். ஃபிளைவீல் லேத்துக்குப் போனால் நீங்களும் கூடவே போங்கள். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். சொந்தப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவரும் 2019 நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ஏதாவது காகிதம் வேண்டுமே.

கழற்றிய செட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். முகம் மாறாமல், “பில்லைக் கொண்டுவாருங்கள் அண்ணே, பார்க்கலாம்” என்றார். திரும்பும்போது கடையின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். கோணிச் சாக்கின் மேல் நாலைந்து பிரஷர் பிளேட்டுகள், பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்திருந்தார்கள்.