பாடும் மழலைப் பாடல் புத்தகம்: படங்கள் இனிமை, குறிப்புகள் பலவீனம்

பொத்தானை அழுத்தினால் ஆங்கில மழலைப் பாடல்களைப் பாடும் இந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தில் ஒலி தெளிவாக இருக்கிறது. தாள்களும் எளிதில் கிழிவதில்லை. கிளை முறிந்து குழந்தையோடு தொட்டில் கீழே விழும் 'ராக் எ பை பேபி' பாடலுக்குப் புன்னகைக்கும் நிலாவை வரைந்திருப்பதுதான் சற்று விசித்திரம். ஓவியர் பாடலைக் கடைசி வரி வரை கேட்கவில்லை போலும்.

பெற்றோருக்கான பின்குறிப்புகளே பெரிய ஏமாற்றம். 'ரிங் எ ரிங் ஓ ரோசஸ்' 1665ஆம் ஆண்டின் லண்டன் கொள்ளைநோயைப் பாடுகிறது என்று அவை உறுதியாகச் சொல்கின்றன. ஆனால் அதன் ஆங்கில வடிவம் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் அச்சில் கிடைக்கவில்லை. பாடலில் வரும் தும்மல் அந்நோயின் முக்கிய அறிகுறியும் அன்று. கொள்ளைநோய் விளக்கமோ 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது என்பதால் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. இதற்கு மாறாக, 'த்ரீ பிளைண்ட் மைஸ்' 1609இல் அச்சேறியபோது அதில் எலிகளின் வாலை வெட்டும் காட்சியே இல்லை, அந்தக் கொடூரம் பின்னால் வந்து சேர்ந்தது என்ற உண்மையான சுவையான செய்தியைக் குறிப்புகள் தொடவே இல்லை.

பாடல்களைக் கேட்பதற்காக மட்டும் வாங்கலாம். வரலாற்றுக் குறிப்புகளை நம்பி வாங்க வேண்டாம்.