காலேஜ் ஸ்கோர்கார்டு: காட்டையும் கடனையும் ஒரே திரையில் பார்த்தபோது

அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்னும் இலவச இணையச் சேவை 2013-ல் தொடங்கி, 2015-ல் பட்டதாரிகளின் வருமான விவரங்களோடு புதுப்பிக்கப்பட்டது. ஒரு கல்லூரியைத் தேடி அதன் பாடப்பிரிவைத் திறந்தால், அதைப் படித்து முடித்தவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியேறினார்கள் என்ற இரண்டு தொகைகளும் அருகருகே வந்து நிற்கும். கொலராடோவில் பள்ளியிறுதி படிக்கும் என் அக்கா மகள் இயற்கை வளப் பாதுகாப்பில்தான் பட்டம் பெறுவேன் என்று உறுதியாக இருக்கிறாள். “படிக்கட்டும், கடனை எதைக்கொண்டு அடைப்பாள்?” என்பது அக்காவின் கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இந்தச் சேவையோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல் பாடத்தின் பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சேவை பாடங்களை நான்கு இலக்கக் குறியீடுகளாகப் பிரிக்கிறது. 03.01 என்ற பிரிவில் இயற்கை வளப் பாதுகாப்போடு சுற்றுச்சூழல் அறிவியலும் சுற்றுச்சூழல் ஆய்வுப் படிப்பும் (என்விரான்மென்டல் ஸ்டடீஸ்) சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே, மாசுபட்ட நிலத்தை ஆய்வு செய்யும் தனியார் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவரின் சம்பளமும், தேசியப் பூங்காவில் நடைபாதை செப்பனிடுபவரின் சம்பளமும் ஒரே இடைநிலைத் தொகைக்குள் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) அடங்கிவிடுகின்றன. மீன்வளம் 03.03-லும், வனவியல் 03.05-லும், காட்டுயிர் 03.06-லும் தனித்தனியே இருக்க, பாதுகாப்பு உயிரியலோ உயிரியல் குடும்பத்துக்குள் 26.13 என்ற பிரிவில் ஒளிந்திருக்கிறது. விரும்பும் பட்டம் எந்தக் குறியீட்டில் வருகிறது என்று கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் இரண்டு கல்லூரிகளை ஒப்பிட்டால், புளியையும் எலுமிச்சையையும் ஒரே தராசில் வைத்ததாகிவிடும்.

கடன் தொகைதான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. பெற்றோரைச் சார்ந்துள்ள இளநிலை மாணவருக்கு ஃபெடரல் அரசு (அமெரிக்க மத்திய அரசு) முதல் ஆண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500 என்ற உச்சவரம்புக்குள்தான் கடன் தருகிறது. நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் 27,000 டாலர். வெவ்வேறு கல்லூரிகளின் கடன் தொகைகள் இந்த எண்ணை ஒட்டியே வந்து நிற்பதற்குக் காரணம் இந்த வரம்புதான். அந்தத் தொகை காட்டுவது கயிற்றின் நீளத்தை. கிணற்றின் ஆழம் வேறு. கயிறு எட்டாத மீதியைப் பெற்றோர் தம் பெயரில் எடுக்கும் ‘பேரன்ட் பிளஸ்’ கடனோ தனியார் வங்கிக் கடனோ நிரப்புகிறது. முன்னதை இந்தச் சேவை மாணவர் கடனோடு சேர்க்காமல் தனியாகக் காட்டுகிறது. பின்னது கணக்கிலேயே இல்லை. கடன் சமமாகத் தெரியும் இரண்டு கல்லூரிகளில் ஒன்றில் சேர்ந்தால் பெற்றோரின் ஓய்வுகாலச் சேமிப்பு கரையக்கூடும் என்பதை அந்த ஒற்றை எண்ணிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

வருமானத் தொகை அரசின் வரிப் பதிவுகளிலிருந்து வருவதால் கல்லூரிகளின் விளம்பரத் தாள்களைவிட நம்பகமானது. ஆயினும் ஃபெடரல் நிதியுதவி பெற்றவர்கள் மட்டுமே அதில் உண்டு. அவர்களிலும் கணக்கெடுத்த ஆண்டில் மேற்படிப்பில் இருப்பவர்கள் விடுபடுகிறார்கள். முதுநிலைப் பட்டம் இல்லாமல் மேலே ஏறுவது கடினமான துறை இது என்பதால், அந்த விடுபடல் இங்கே சிறியதன்று. போதாக்குறைக்கு, மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்தால் தனியுரிமை கருதித் தொகையே மறைக்கப்படுகிறது. சிறிய கல்லூரிகள் பலவற்றில் இத்துறையின் கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றை இந்தச் சேவையில் எதிர்பார்ப்பதே தவறு என்றாலும் சொல்லியாக வேண்டும். அரசிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் பணியாற்றியபடி 120 மாதத் தவணைகளைக் கட்டினால், மீதி ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இத்துறைக்கென்றே செய்ததுபோல் தோன்றும். ஆனால் பூங்காக்களின் பருவகாலத் தற்காலிகப் பணி ஆண்டுக்கு 1,039 மணி நேரத்தோடு, அதாவது ஆறு மாதத்தோடு, பெரும்பாலும் நின்றுவிடும். குளிர்காலத்தில் வேறு தகுதியான வேலை கிடைக்காவிட்டால் ஆண்டுக்கு ஆறு தவணைகளே கணக்கில் சேரும், பத்தாண்டு இருபதாண்டாகிவிடும்.

இந்தச் சேவையில் நான் முழு மனத்தோடு பாராட்டும் பகுதி, குடும்ப வருமானத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, உதவித்தொகை கழித்த நிகரச் செலவைக் காட்டும் பட்டியல். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது உள்மாநில மாணவர்களின் செலவு என்பதை மட்டும் மறக்கலாகாது. மேற்கு மாநிலங்களுக்கிடையிலான இளநிலைப் பரிமாற்றத் திட்டத்தில் வெளிமாநில மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. அந்தச் சலுகை இப்பட்டியலில் தென்படாது, கல்லூரியின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பிள்ளையை நேரடியாக அனுப்ப நினைப்பவர்களுக்கு இச்சேவை பெரிதாக உதவாது. வெளிநாட்டு மாணவருக்கு ஃபெடரல் உதவி இல்லாததால், அவர்களுடைய சம்பளமோ இந்திய வங்கியில் வாங்கிய கடனோ எந்தத் தொகையிலும் இல்லை. ஃபெடரல் பூங்கா, வனத்துறைப் பணிகளும் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கே.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஒரே குறியீட்டுக்குள் இரண்டு கல்லூரிகளை ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான இலவசக் கருவி என் கண்ணில் படவில்லை. அக்கா மகளின் பட்டியலில் ஒன்பது கல்லூரிகள் இருந்தன. நிகரச் செலவையும் பேரன்ட் பிளஸ் தொகையையும் பார்த்தபின் மூன்று மிஞ்சியிருக்கின்றன, மூன்றுமே அரசுப் பல்கலைக்கழகங்கள்.