ஆறு கருவிக்கு 185,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன்: சிம் கொக்பிட் செய்யக் கொடுப்பவர்கள் வாசியுங்கள்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு (சிம்), விமானியின் அறையில் (கொக்பிட்) இருப்பது போலச் செய்வித்த கருவிப் பெட்டி ஒன்று. நேற்று இரவு அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்ததில் இருந்து நித்திரை இல்லை. 185,000 ரூபா. பதினான்கு மாதம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த காசு. இன்னொருவர் அதே படியேறி அதே ஆளிடம் காசு கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் வேலைக்கும் போகாமல் இருந்து இதை எழுதுகிறேன்.

செய்து தந்தவரின் பெயர் போடவில்லை. இன்று காலை பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று மச்சான் சொல்கிறார். கொழும்பில் ஒரு வீட்டு மேல்மாடியில் த்ரீடி பிரிண்டரும் லேசர் கட்டரும் வைத்துக்கொண்டு, ஃபேஸ்புக்கில் ஓடர் எடுக்கும் சின்னப் பட்டறை. அவ்வளவுதான் சொல்வேன்.

நான் கேட்டது பெரிய போயிங் கொக்பிட் இல்லை. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் விமானியின் கண்ணுக்கு நேரே இருக்கும் அந்த ஆறு வட்டங்கள்: வேகமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம், உயரம் காட்டும் அல்டிமீட்டர், திருப்பம் காட்டும் கருவி, திசைகாட்டி, ஏறும் இறங்கும் வேகம் காட்டும் கருவி. திரையில் பார்ப்பதற்குப் பதிலாக உண்மையான ஊசி அசைய வேண்டும். சின்ன வயதில் ரத்மலானைப் பக்கம் இருந்தோம். தலைக்கு மேலே தாழ்வாகப் போகும் சின்ன விமானங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊசிகள் என்னவென்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது. வெளிநாட்டில் ரெடிமேடாக விற்கிறார்கள். டொலர் விலை, கப்பல் கூலி, சுங்கத் தீர்வை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். இங்கேயே ஒரு தமிழ்ப் பொடியன் செய்கிறான் என்று தெரிந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

நான் நம்பிய அந்த நிமிடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டறைக்குப் போனதும் பிளேன்டீ தந்தார். மேசையில் ஒரு வேகமானி, பக்கத்தில் மடிகணினி. "அண்ணா, உங்கட கையாலேயே அமத்திப் பாருங்க" என்றார். ஒரு பட்டனை அமத்தினேன். வெள்ளை ஊசி பூச்சியத்தில் இருந்து எழுந்து 40, 60, 100 என்று ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வந்து நின்றது. பிறகு அறை விளக்கை அணைத்தார். எண்கள் மட்டும் மெல்லிய மஞ்சளாக எரிந்தன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏறக்குறையப் பாதிக் காசு என்ற பேச்சில் 85,000 ரூபாதான் கொண்டு போயிருந்தேன். "முழுசாத் தந்தீங்க எண்டால் மோட்டர் எல்லாம் ஒரே தரத்தில எடுத்திடலாம் அண்ணா, டொலர் ஏறுது" என்றார். அந்தக் கதிரையில் இருந்தபடியே மிச்ச ஒரு லட்சத்தையும் போனில் அனுப்பினேன்.

அந்த மடிகணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் திறந்திருக்கவே இல்லை. இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. ஊசியை மேலே கீழே ஓட்டிக் காட்டும் ஒரு சின்ன புரோகிராம் மட்டும்தான் ஓடியது. ஆர்டுயினோ (மோட்டர், விளக்கு ஓட்டும் சின்ன மின்பலகை) படிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் எழுதிவிடும்.

ஆறு கிழமை என்று சொன்னது நான்கு மாதமாகியது. கஸ்டம்ஸில் நிற்குது அண்ணா. போயா லீவு அண்ணா. லேசர் பழுது அண்ணா. நாளைக்குக் கட்டாயம், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணா. கடைசியில் போன வெள்ளிக்கிழமை ஓட்டோவில் பெட்டி வந்தது. ஆள் வரவில்லை.

பெட்டியைச் சிமுலேட்டரோடு இணைத்து, திரையில் ரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை 22 இல் இருந்து கிளம்பினேன். வேகமானி ஒழுங்காக வேலை செய்தது. 55 நொட் வேகத்தில் மூக்கைத் தூக்கினேன். அல்டிமீட்டர் ஊசியும் ஏறியது, 600, 700, 800. 875 அடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. விமானம் திரையில் ஏறிக்கொண்டே போகிறது, ஊசி மட்டும் அதே இடத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டு நிற்கிறது. ஆளைக் கூப்பிட்டால், "உங்கட யுஎஸ்பி போர்ட்டில பவர் காணாது அண்ணா." பவர் உள்ள ஹப் வாங்கிப் போட்டேன். அதே 875.

நேற்றுத் திறந்ததும் காரணம் தெரிந்தது. போட்டிருப்பது எக்ஸ்27.168 என்ற மோட்டர், கார் டேஷ்போர்டில் போடுவது. அது 315 பாகைதான் சுற்றும், அதற்கு மேல் உள்ளேயே ஒரு தடுப்பு இருக்கிறது. வேகமானிக்கு அது போதும். அல்டிமீட்டரின் பெரிய ஊசி ஆயிரம் அடிக்கு ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். 315 பாகை என்றால் சரியாக 875 அடி. திசைகாட்டிக்கும் அதே மோட்டர், அதுவும் முழு வட்டம் திரும்பாது. அந்த இரண்டுக்கும் தடுப்பில்லாத மோட்டரும், பூச்சியம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சென்சரும் வேண்டும். சென்சர் என்று ஒன்றுமே உள்ளே இல்லை. ஆயிரம் அடிகளைக் காட்டும் சின்ன ஊசி முகப்பில் பசை போட்டு ஒட்டியிருந்தது. காற்றழுத்தம் திருத்தும் குமிழுக்குப் பின்னால் வெறும் ஓட்டை. செயற்கை அடிவானத்துக்கு மூக்கு ஏறி இறங்க ஒரு மோட்டர், சாய்வுக்கு ஒரு மோட்டர் என்று குறைந்தது இரண்டு வேண்டும். அங்கே இருந்தது அக்ரிலிக்குக்குப் பின்னால் நீலமும் மண்ணிறமுமாக அச்சடித்த ஸ்டிக்கர். ஸ்டிக்கர்!

படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பத்து நிமிடம் கழித்து, "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்ல." அதில் அண்ணா இல்லை. அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் ஒற்றைக் கோடோடு நிற்கிறது. வங்கியில் கேட்டேன். நானே விரும்பி அனுப்பிய காசு, வாங்கியவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாதாம். 185,000 ரூபா, ரசீதுகூட இல்லை, வட்ஸ்அப் பேச்சு மட்டும்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. உங்கள் சிமுலேட்டரில், உங்கள் கண் முன்னால், ஆயிரம் அடிக்கு மேல் பறந்து ஒரு முழு வட்டம் அடித்துக் காட்டாதவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள். இப்படியான கருவிகளைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மொபிஃப்ளைட் மென்பொருள் இலவசம், அதற்குத் தனியாகக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

நாளைக் காலை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். இதே மேல்மாடியில் காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இன்று இரவுக்குள் எனக்கு எழுதுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முறைப்பாடு கொடுக்கலாம்.