ஆப் நூலகம்: ஆப்ஷீட்டா, ஆப்ஸ்மித்தா?

கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்க் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் பயன்படும் சரக்குக் கணக்கு, கூலிக் கணக்கு ஆப்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொது நூலகமாக வைக்க நினைத்தால், அதிகம் நிரல் எழுதாமலே ஆப் செய்ய உதவும் கருவிகளான ஆப்ஷீட், ஆப்ஸ்மித் இரண்டில் எது?

ஆப்ஷீட் 2020 முதல் கூகுளுடையது. ஆப்பைப் பொது மாதிரியாக வெளியிட்டால், வேண்டியவர் தன் கணக்கில் நகல் எடுக்கலாம். கூடவே அதன் கூகுள் ஷீட்டும் அவர் டிரைவுக்குப் போகும். (அதனால் மாதிரியில் நிஜ ஆட்களின் கூலி விவரம் இருக்கவே கூடாது.) சிக்னல் இல்லாத தோட்டத்துக்குள்ளும் எடையைப் பதியலாம், நெட் வந்ததும் சேர்ந்துகொள்ளும். மலையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் மூல ஆப்பில் பிழையைத் திருத்தினால், ஏற்கெனவே எடுத்த நகல்களுக்கு அது போகாது.

ஆப்ஸ்மித்தின் சமூகப் பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆப்பைக் கிட்டில் (Git, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) வைத்தால் யார் எதை மாற்றினார் என்று தெரியும், திருத்தமும் பிறருக்குக் கிடைக்கும். நூலகம் என்று பார்த்தால் இதுதான் பொருத்தம். ஆனால் அதை ஓட்டும் சர்வரைக் கவனிக்க ஆள் வேண்டும், அப்புறம் நெட் போனால் வேலை நின்றுவிடும்.

கம்பம் ஊர்க் கடைக்காரருக்கு ஆப்ஸ்மித் சரி. தோட்டத்துக் கங்காணிக்கு நான் ஆப்ஷீட்டைத்தான் கொடுப்பேன், தலைப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் போட்டு.