கடிகாரமா, காலடியா? புல்தரையில் ஒரு குதிரையின் முதல் ஓட்டத்தை எடைபோடுவது

போன ஜூலையில் பெங்களூருவிலிருந்து அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அவனும் மூன்று கூட்டாளிகளும் பங்கு போட்டு வாங்கிய மூன்று வயதுப் பெண் குதிரையின் முதல் பந்தயம் அது. ரேஸ்காரர்கள் ஃபில்லி என்பார்கள். 1200 மீட்டர், பதினோரு குதிரைகள், இவர்களுடையது ஏழாவது. கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, ஒருத்தர் விலை கேக்காரு. குடுத்திரட்டா?"

நான் இப்போது நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பெங்களூருவில் ஒரு குதிரை லாயத்தில் கணக்கு எழுதினேன். வேலை கணக்குதான் என்றாலும் விடிகாலையில் டிராக் ஓரம் போய் நிற்காத நாள் குறைவு. அந்தப் பழக்கத்தில்தான் அவனுக்குப் பதில் சொன்னேன். பந்தயம் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. குதிரையை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் நாட்டில் பெரிய பந்தயங்கள் புல்லில் நடக்கின்றன. காலைப் பயிற்சியோ பெரும்பாலும் மணலில். மணலில் குளம்பு கொஞ்சம் சறுக்கி இறங்கும். புல் குளம்பைப் பிடித்துக்கொள்ளும், தரை திருப்பித் தள்ளும். தூத்தூர், சின்னத்துறை கடற்கரை மணலில் பந்து விளையாடி வளர்ந்த பையன்கள் முதல் தடவை புல் மைதானத்தில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் பத்து நிமிஷம் கால் தரையை நம்பாது. பந்து நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிடும். அதற்குள் "இவன் தேற மாட்டான்" என்று முடிவு கட்டினால் அந்தப் பையனுக்குச் செய்கிற அநியாயம்.

தகப்பன் குதிரை புல்லில் ஓடியதா என்று வம்சம் பார்ப்பதும் உண்டு. வாங்கும்போது அது தேவை. ஓடி முடித்த பிறகு குதிரையே பதில் சொல்லிவிட்டது, வம்சத்தைத் திரும்பப் புரட்டுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மிச்சம் இரண்டு வழிதான்: கடிகாரம், காலடி.

பங்குக்காரர்கள் கையில் எடுத்தது கடிகாரத்தை. அதற்கும் நியாயம் உண்டு. ஒரே நாளில், அதே தூரத்தில் இரண்டு பந்தயம் நடந்தால் நேரத்தை ஒப்பிடலாம், பயன்படும். ஆனால் அறிவிக்கும் நேரம் ஜெயித்த குதிரையுடையது. ஏழாவதாக வந்ததற்கு, பின்தங்கிய லென்த்தை, அதாவது எத்தனை குதிரை நீளம் பின்னால் என்பதை, வைத்துக் கணக்குப் போட வேண்டும். சுமார் ஐந்தாறு லென்த் ஒரு விநாடி. நம் குதிரை ஒன்பது லென்த் பின்னால். அதில் மூன்று லென்த் ஸ்டார்டிங் கேட்டிலேயே போயிற்று: கதவு திறந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கிளம்பியது. முதல் ஓட்டத்தில் அது சகஜம், இரண்டாவது மூன்றாவது ஓட்டத்தில் சரியாகிவிடக்கூடியது. கடிகாரம் அதையும் குதிரையின் குறையாகவே எழுதிக்கொள்ளும். தரையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கம்பி மண்ணில் எவ்வளவு இறங்குகிறது என்று பெனட்ராமீட்டர் வைத்து அளந்து சொல்கிறார்கள் என்றால், ஒரு நாள் தரை மறுநாள் இருப்பதில்லை என்பதால்தானே? உள்வேலியைத் தள்ளிப் போட்டாலும், எதிர்க்காற்று அடித்தாலும், முன்னால் போகிறவர்கள் மெதுவாக இழுத்துப் போனாலும் நேரம் மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்றின் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

நான் பார்ப்பது காலடி. அதிலும் 400 மீட்டர் கம்பத்துக்கும் 200 மீட்டர் கம்பத்துக்கும் நடுவில் (முடிவுக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் கம்பங்கள் காட்டும்). ஜாக்கி "இப்போ போ" என்று கேட்கிற இடம் அதுதான். ஒரு முன்னங்கால் தரையைத் தொட்டதிலிருந்து அதே கால் மறுபடி தொடுகிறவரை ஒரு பாய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, போனில் வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணினேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. 1000 மீட்டரிலிருந்து 800 வரை 34 பாய்ச்சல். தலை தூக்கி, கடிவாளத்தோடு மல்லுக்கட்டி, முழங்காலை உயர உயரத் தூக்கி வைத்தது. மணலில் ஓடுகிற ஓட்டம் அது. 400-லிருந்து 200 வரை 31! தலை இறங்கியிருக்கிறது, கழுத்து நீண்டிருக்கிறது, முன்னங்கால் தரையை ஒட்டியே போகிறது. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் முந்தும் காலைத் தானாக மாற்றிக்கொண்டது. ஜாக்கி சாட்டையை எடுக்கவே இல்லை.

அந்த மூன்று பாய்ச்சல் வித்தியாசத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன்? நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். களைத்த குதிரைக்குக் கடைசியில் பாய்ச்சல் குறுகும். இதற்கு நீண்டது. அப்படியென்றால் ஓடிக்கொண்டே புல்லைப் பழகிவிட்டது, உள்ளே இன்னும் மிச்சம் இருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் உடனே நிற்காமல், முன்னால் போன இரண்டு குதிரைகளைக் கடந்துதான் வேகம் குறைத்தது. லாயத்தில் குதிரையைக் கவனிக்கிற சைஸிடம் மறுநாள் காலை விசாரிக்கச் சொன்னேன். தீவனத்தைத் தின்று தொட்டி காலி, நாலு காலிலும் அடிபட்டதற்கு அடையாளமான சூடு இல்லை என்றார். எனக்கு அது போதும்.

தரை மாறினால் குதிரையே வேறாகத் தெரியும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய சாட்சிகள் உண்டு. அங்கே பெரும் பந்தயங்கள் பல மண் தரையில் நடப்பவை. 1973-இல் செக்ரடேரியட் என்ற குதிரை மண்ணில் ஒரு பந்தயம் தோற்ற கையோடு முதல் தடவையாகப் புல்லில் இறங்கி, மேன் ஓ வார் பந்தயத்தில் ஐந்து லென்த்தில் ஜெயித்தது. சிகார் என்ற இன்னொரு குதிரையின் கதை நேர் எதிர். புல்லில் 11 ஓட்டத்தில் ஒரே வெற்றி. 1994 அக்டோபரில் மண்ணுக்கு மாற்றியதும் தொடர்ந்து 16 வெற்றி. சிகாருக்கு மாறிக்கொள்ள மண் இருந்தது. இங்கே புல் பிடிக்காத குதிரைக்குப் போக்கிடம் கம்மி. அதனால்தான் பிடித்ததா இல்லையா என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். எத்தனாவது இடம் என்பது அப்புறம்.

மழை பெய்து இளகிய தரையில் நான் கவனித்துப் பார்த்த ஓட்டங்கள் குறைவு. அங்கே இந்த எண்ணிக்கையை நம்பச் சொல்ல மாட்டேன். சேற்றில் எல்லாக் குதிரைக்கும் பாய்ச்சல் குறுகும். 2000 மீட்டருக்கு மேலும் என் அனுபவம் மெல்லியதுதான். காலடி பார்த்து நல்லது என்று நான் சொன்ன ஒரு குதிரை, கடைசிவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காமலே லாயத்தை விட்டுப் போனதும் உண்டு. அப்போது நான் காலடியை மட்டும் பார்த்தேன், மறுநாள் காலில் இருந்த சூட்டை விசாரிக்கவில்லை.

மருமகனிடம், "விக்காத மக்கா, இன்னும் ரெண்டு ஓட்டம் பாரு" என்றேன். ஏழாவது இடத்துக்கு எவனும் நல்ல விலை தர மாட்டான், விற்பதானாலும் அதற்குப் பிறகு விற்கலாம் என்றும் சொன்னேன். கூட்டாளிகளில் ஒருவர் பங்கை விட்டுவிட்டார், மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். நாலு வாரம் கழித்து 1400 மீட்டர் ஓடியது. கேட்டில் தயங்கவில்லை. நான்காவதாக வந்தது, ஜெயித்த குதிரைக்கு மூன்று லென்த் பின்னால். அன்று சாயங்காலம் அதே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினேன். 400-க்கும் 200-க்கும் நடுவே 31.