ஒற்றைத் தாளில் வந்த மண் பரிசோதனை: வாவியோரத்தில் காணி வாங்கியோர் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர்ப் பக்கமாக, வாவியை ஒட்டிய தாழ்நிலத்தில் கிரவல் போட்டு நிரப்பிய காணியொன்றை வாங்கி வீடு கட்டினேன். இரண்டாவது மாரியிலேயே சுவர்கள் பிளந்துவிட்டன. ஒப்பந்தக்காரரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஏமாற்றிய முறையை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் பக்கத்தில் இன்னும் பல காணிகள் நிரப்பப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

மதிப்பீட்டில் மண் பரிசோதனைக்கென்று 45,000 ரூபா தனியாகக் கேட்டிருந்தார், கொடுத்தேன். பத்து நாட்களில் ஒரு தாள் வந்தது. 6 அடி வரை மணல், தாங்குதிறன் சதுர மீற்றருக்கு 150 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 15 தொன் எடை), கீழே ஒரு கையொப்பம், அவ்வளவுதான். காணியில் எவரும் துளையிட்டதை நானும் காணவில்லை, அயலவரும் காணவில்லை என்று கேட்டபோது, கிரவல் கொட்டிவிட்டுத் திரும்பிய லொறியைக் காட்டி, "தம்பி, லொறியே புதையாமப் போகுது, வீடு எங்க புதையப் போகுது?" என்றார். அந்த விடை எனக்கு அன்று நியாயமாகவே பட்டது.

வெடிப்புகள் வந்த பின்னர் நாங்கள் அழைத்த பொறியியலாளர், அத்திவாரத்தின் ஓரமாகக் குழி தோண்டச் செய்தார். கருங்கல் அத்திவாரம் இரண்டரை அடியில் முடிந்திருந்தது. நிரப்பிய கிரவலின் ஆழமோ 4 அடி. அதாவது, என் வீட்டின் அத்திவாரம் இயற்கை நிலத்தைத் தொடவேயில்லை. கிரவலுக்குக் கீழே சிப்பித் துண்டுகளும் உக்கிய வேர்களும் கலந்த கரிய களி, கையால் பிசையக்கூடிய மென்மையில் இருந்தது. இத்தகைய மென்களிக்குப் பொறியியல் நூல்கள் தரும் தாங்குதிறன் 75 கிலோநியூட்டனுக்கும் குறைவு. தாளிலிருந்த 150 என்பது ஓரளவு இறுகிய மணலுக்குச் சொல்லத்தக்க எண்.

பொறியியலாளர் விளக்கியவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. நிரப்பிய மண்ணே ஒரு சுமை. 4 அடிக் கிரவல் ஒவ்வொரு சதுர அடியிலும் ஏறத்தாழ 200 கிலோ எடையை வைக்கிறது. சாதாரண ஒரு மாடி ஓட்டு வீட்டின் எடையைத் தரை முழுவதிலும் பரப்பினாலும் அவ்வளவு வராது என்றார். லொறிச் சக்கரத்தின் அழுத்தம் சிறிய பரப்பில் விழுவதால் ஆழம் செல்லச் செல்ல விரைவாகக் குறைந்துவிடும். அது சில நிமிடங்களுக்குமட்டும் நிற்பதும்கூட. காணி முழுவதும் பரப்பிய நிரப்பு மண்ணின் சுமையோ குறையாமல் அடிக்களி வரை இறங்கி, அங்கே ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்து, களியிலுள்ள நீரைச் சிறிது சிறிதாக வெளியே பிழிகிறது. நீர் வெளியேற வெளியேற நிலம் அமிழ்கிறது. இதற்கு மாதங்கள் அல்ல, வருடங்கள் செல்லும். ஆகையால் கட்டி முடித்துப் பணம் வாங்கிச் செல்லும் நாளில் வீட்டில் ஒரு குறையும் தெரியாது.

வீடு முழுவதும் ஒரே அளவில் அமிழ்ந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். எனது முன்னறைக்கு மட்டும், பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று 5 அங்குலக் கொங்கிரீட் தட்டுப் போட்டிருந்தோம். அந்தத் தட்டு மட்டுமே சதுர மீற்றருக்கு 300 கிலோ. அதன்மேல் 1,000 லீற்றர் தண்ணீர்த் தொட்டி இன்னொரு தொன். முன்பக்கம் கூடுதலாக இறங்க, யன்னல் மூலைகளிலிருந்து வெடிப்புகள் சரிவாகக் கிளம்பின, நடுக்கதவு சாத்த முடியாமல் இறுகியது. ஒப்பந்தக்காரர் வந்து, வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி, அதற்கும் பணம் வாங்கிச் சென்றார். அடுத்த மழையில் அதே கோட்டில் அவை திறந்தன.

கல்லடியில் எங்கள் பெற்றோரின் வீடும் இதே இரண்டரை அடிக் கருங்கல் அத்திவாரத்தில்தான் நிற்கிறது, ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் அது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல். அந்த அளவை அப்படியே தூக்கிக் களியின்மேல் வைத்ததுதான் இங்கே நடந்தது.

உண்மையான அறிக்கை எப்படி இருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். துளையிட்ட இடங்கள் காணியின் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆழத்திலும் கிடைத்த மண்ணின் விபரமும், 63.5 கிலோச் சம்மட்டி 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, துளைக்குள் குழாயைக் கடைசி 30 சென்ரிமீற்றர் இறக்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருந்தது என்ற எண்ணிக்கையும் இருக்கும். நிலத்தடி நீர்மட்டமும் அதை அளந்த திகதியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஓகஸ்டில் ஆழத்தில் கிடக்கும் நீர் டிசம்பரில் அத்திவாரத்தின் அடிக்கு ஏறிவிடும். அப்போது நல்ல மணலின் தாங்குதிறன்கூட ஏறத்தாழப் பாதியாகலாம். எனது தாளில் இவற்றில் ஒன்றும் இல்லை.

தண்ணீர்த் தொட்டியை நிலத்தில் தனியாகக் கட்டிய மேடைக்கு மாற்றிவிட்டேன், மாடி எண்ணத்தைக் கைவிட்டேன். வெடிப்புகளின் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் திகதியும் எழுதி, மாதந்தோறும் அளந்து வருகிறேன்.

சென்ற வாரம் இரண்டு வளவு தள்ளிக் காணி வாங்கியவர் தமக்குக் கிடைத்த பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். 6 அடி வரை மணல், 150 கிலோநியூட்டன், அதே கையொப்பம்; பெயரும் திகதியும் மட்டுமே வேறு. அவர் இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை. வருகிற சனிக்கிழமை அவருடைய காணியில் கிரவலுக்குக் கீழே வரை குழி தோண்டப் போகிறோம்.