செவ்வாயின் வக்கிரத்தைக் காட்டும் ஒரு மரப்பொறி

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலுள்ள கடையொன்றில் 6,500 ரூபாவுக்கு வாங்கிய, ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்ட ஞாயிற்றுத் தொகுதி மாதிரியை இரண்டு வாரங்கள் சுழற்றிப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். பாகங்களைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதும். கூடவே தரும் பசை மட்டும் எதற்கும் உதவாது.

2025 தை மாதத்தில் புனர்பூசத்தின் இரு விண்மீன்களுக்கு அருகே செவ்வாய் பின்வாங்கியதை எங்கள் முற்றத்திலிருந்தே பார்த்திருந்தேன். பஞ்சாங்கம் வக்கிரம் என்று சொல்லும் அதை இந்தப் பொறி விளக்குமா என்று சோதித்தேன். பூமியையும் செவ்வாயையும் தொட்டபடி நீண்ட ஈர்க்கு ஒன்றை வைத்து, பூமியைப் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தி, நுனி காட்டிய இடங்களைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். இடப்பக்கமாகச் சென்றுகொண்டிருந்த குறிகள், உள்வட்டத்தில் விரையும் பூமி செவ்வாயை எட்டியபோது நெருக்கமாக விழுந்து, ஏழு குறிகளுக்கு வலப்பக்கம் திரும்பி, பூமி முந்திச் சென்றபின் மறுபடியும் இடப்பக்கம் நகர்ந்தன. செவ்வாயைத் தாங்கும் கையோ ஒருகணமும் பின்னோக்கிச் சுழலவில்லை. பூமியை நடுவில் நிறுத்திய பண்டைய வானியலாளர் தொலமி, இதே காட்சிக்காக வட்டத்தின்மேல் இன்னொரு வட்டத்தை ஏற்றவேண்டியிருந்தது. இங்கே ஓர் ஈர்க்கே போதுமானதாயிற்று.

பற்சில்லுக் கணக்கும் செம்மையானது: பூமி 15 சுற்று முடிக்க, செவ்வாய் 8 சுற்று முடிக்கிறது.

ஆனால் கைகள் யாவும் சூரியனை மையமாகக் கொண்ட சரிவட்டங்களிலேயே செல்வதால், செவ்வாய் எப்போது எதிரே வந்தாலும் இடைவெளி ஒன்றாகவே இருக்கிறது. உண்மையில் 2003 இல் ஏறத்தாழ 5.6 கோடி கிலோமீற்றர் வரை நெருங்கிய செவ்வாய், 2025 இல் 9.6 கோடிக்குக் கிட்டத்தான் வந்தது. 1609 இல் வானியலாளர் கெப்ளர் சொன்னபடி, சூரியன் நடுவிலிருந்து விலகி நிற்கும் நீள்வட்டத்தில் செவ்வாய் செல்வதே இதற்குக் காரணம். கையேடோ 1543 இல் சூரியனை நடுவில் வைத்த கொப்பர்னிக்கஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார் என்கிறது; வட்டங்களை விடாததால் அவரும் சிறு வட்டங்களைச் சேர்க்க நேர்ந்ததைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

எனக்குக் கிடைத்த பெட்டியில் சனியின் பற்சில்லு ஒரு பல் உடைந்திருந்ததால் சனி நின்ற இடத்திலேயே நின்றது. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 இல், வாக்கியப்படி 2026 மார்ச் 6 இல் என்று ஏற்கெனவே வழக்காடும் வீட்டில் இது மூன்றாவது கட்சியாகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். ஆகவே வாங்குவோர், கடையிலேயே பெட்டியைத் திறந்து சனியின் சில்லிலுள்ள பற்களை எண்ணிப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்கவேண்டும்.